முகப்படம் எடுக்கும் முறை

ஒருவருடைய முகத்தைப் படமாக எடுத்தல் எளிய செயலென்றே நம்மிற் பலரும் எண்ணியிருக்கின்றனர். காமிராவை நேரே நீட்டிப் பொத்தானை அழுத்தினால் முகம் தானே பதிந்துவிடுகின்றது. இதிற் கற்றற்கு யாதுளது என்று வினவுவாரும் உளர். இக்காலத்தில் நம் விடுதி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் காமிரா பொருந்திய கைப்பேசி ஒன்று இருத்தலின், அவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றுளது. யானும் ஈராண்டுகட்கு முன்வரை அவ்வாறே எண்ணியிருந்தேன். அது தவறென எனக்குக் காட்டியவர் என் அன்னையைப் பெற்ற ஆச்சி ஆவர். ஆதலின் அவரைப்பற்றிய செய்தியை முதலிற் கூறிப் பின்னர் முறையைப்பற்றிக் கூறப் புகுகின்றேன். காமிராவின் உட்கருவிகளை விரித்துரைக்கும் நூல்கள் பல உள. அவற்றைச் சுருக்கித் தருதல் என் கருத்தன்று. முதன்முதலாக ஒரு மனிதரை எதிரே அமர்த்திப் படமெடுக்க முயலும் மாணவன் எங்கெங்கே இடறுவான் என்பதையும், அதற்குக் காரணம் யாதென்பதையும், முன்னரே இடறி விழுந்தவன் என்ற உரிமையாற் கூறுகின்றேன்.

எங்கள் ஆச்சி பனங்காட்டுச் சிற்றூரிற் பிறந்து வளர்ந்தவர். அவர்தம் இளமையில், விடிலியிற் கருப்பட்டி காய்ச்சும்பொழுது கொதிக்கும் பதநீர் தெறித்து இடக்கன்னத்திற் பட்டது. அத்தழும்பு, புளியங்கொட்டை அளவினதாய், இன்றும் கண்ணின்கீழ் உள்ளது. எங்கள் வீட்டுக் குழந்தைகள் அனைவரும் அவர் மடியிலிருந்து முதலிற் கைநீட்டித் தொட்டது அத்தழும்பையே. அவருக்கு எண்பது வயது நிறைந்தபொழுது என் மாமா அவரை ஒரு படக்கடைக்கு அழைத்துச் சென்று படமெடுப்பித்தார். படம் பெரிய சட்டத்திற் பொருத்தப்பெற்று வீட்டுக்கு வந்தது. அதில் தழும்பு இல்லை. நெற்றிச் சுருக்கங்கள் இல்லை. ஆச்சியின் கருநிற மேனி கோதுமை நிறமாய் மாறியிருந்தது. ஆச்சி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் அதனைப் பார்த்து, "இந்த அம்மா யாரு?" என்று கேட்டார். மாமா நகைத்தார், யாவரும் நகைத்தனர். ஆச்சி நகைக்கவில்லை. கடைக்காரர் வேண்டுமென்றே தீங்கு செய்தாரென்று கூறுதற்கில்லை. அவரிடம் வருவோர் பலரும் அவ்வாறு செய்யுமாறே கேட்கின்றனராம். ஆயினும் எண்பது ஆண்டு வாழ்ந்த ஒருவர் தம் படத்தைப் பார்த்துத் தம்மை அடையாளம் காணவியலாது போதல் சிறிய செய்தியன்று.

அன்று மாலையே யான் என் கைப்பேசியை எடுத்துக்கொண்டு, "ஆச்சி, நான் எடுக்கிறேன்" என்றேன். "சுவத்துல மாட்டி மாலை போடுறதுக்கா?" என்று அவர் கேட்டார். முதியோரைப் படமெடுக்க விழைவார் இவ்வினாவை எதிர்பார்த்தே செல்லவேண்டும். நம் வீடுகளில் முதியோரைத் தனியே அமர்த்திப் படமெடுப்பது பெரும்பாலும் எதன்பொருட்டு என்பதை அவர்கள் நன்கறிவர். அன்று மாலையும் மறுநாள் பகலுமாக யான் எடுத்த படங்கள் நாற்பதுக்குக் குறையா. ஒன்றேனும் தேறவில்லை. சிலவற்றிற் கண்கள் இரண்டும் இருண்ட குழிகளாயின; சிலவற்றில் வெள்ளைச் சுவர் பளிச்சிட, முகம் கரிக்கட்டையாயிற்று; சிலவற்றில் மூக்கு மட்டும் பெருத்துக் காதுகள் பின்னோடின. தழும்பு எல்லாவற்றிலும் இருந்தது. ஆச்சிதான் ஒன்றிலும் இல்லை.

நிற்க. இக்கலையின் தோற்றத்தைச் சிறிது நோக்குவோம். 1839 ஆகஸ்டு 19ஆம் நாள் பாரிஸ் நகரில் தாகேர் என்பாரது முறை உலகறிய வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத்தகட்டில் ஒளியால் உருவம் பதியச்செய்தல் அம்முறையாம். அவ்வாண்டிலேயே அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில் இராபர்ட் கொர்னீலியஸ் என்பார் தம் உருவத்தைத் தாமே பதிவு செய்தார். அத்தகடு இன்றும் உளது. தொடக்கத்தில் ஒரு முகம் பதிதற்குப் பல நிமிடங்கள் அசையாதிருத்தல் வேண்டியிருந்தது. 1840இல் வியன்னாவில் யோசேப் பெட்ஸ்வால் என்னும் கணக்கறிஞர் மிக்க ஒளியை உட்புகவிடும் லென்ஸ் ஒன்றை வகுத்தமைத்த பின்னரே அந்நேரம் பெரிதும் குறைந்தது. அப்பொழுதும் தலை அசையாமைப்பொருட்டு, அமர்ந்தவரின் பிடரிக்குப் பின்னே இரும்புக் கவ்வி ஒன்றை நிறுத்துவர். பழைய படங்களில் யாவரும் கடுகடுத்த முகத்தினராய்த் தோன்றுதற்கு இதுவும் ஒரு காரணம். அரைநிமிட நேரம் மாறாத நகையை முகத்தில் நிறுத்துதல் யார்க்கும் அரிதன்றோ? இன்று ஒரு விநாடியில் 125இல் ஒரு பங்கு நேரமே ஒரு முகத்திற்குப் போதும். கவ்வி நீங்கிவிட்டது. காமிராவைக் கண்டவுடன் கழுத்தை விறைத்துக்கொள்ளும் வழக்கம் மட்டும் நம்மைவிட்டு நீங்கவில்லை.

இனி, என் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வேன். கண்கள் குழிகளானதற்குக் காரணம் நண்பகல் வெயில். ஒளி மிகுதியும் வேண்டுமென்று கருதி யான் ஆச்சியை முற்றத்து வெயிலில் நிறுத்தினேன். உச்சிவேளைக் கதிர் மேலிருந்து நேரே இறங்குதலின், புருவத்தின் நிழல் கண்மீதும் மூக்கின் நிழல் உதட்டின்மீதும் விழும். போதாக்குறைக்குக் கண்ணும் கூசும். மாலையில் யான் கைப்பேசியின் விளக்கை ஒளிரச் செய்து எடுத்ததோ இதற்கு எதிரான பிழை. அவ்விளக்கு லென்ஸுக்கு மிக அருகிலிருத்தலின் காமிராவின் பக்கமிருந்து பார்க்க நிழலே விழாது. நிழலின்றேல் மேடுபள்ளம் தோன்றாது. முகம் தட்டில் வார்த்த மாவாகிவிடும்.

ஒளியின் அளவினும் அதன் தன்மையே பெரிதென்பதைத் தொடங்குவார் மனத்திற் கொள்ளவேண்டும். அத்தன்மை எதனால் அமைகின்றது? ஒளிவருமிடம் முகத்தை நோக்க எத்துணைப் பெரிதாய்த் தோன்றுகின்றது என்பதனால் அமைகின்றது. ஞாயிறு மிகப் பெரிதெனினும் நெடுந்தொலைவிலிருத்தலின் வானத்தில் ஒரு சிறு வட்டமாகவே தோன்றுகின்றது. ஆதலின் அதன் நிழல் கத்தியால் அறுத்தாற்போல விழும். மேகம் கவிந்த நாளில் வானம் முழுவதுமே ஒரு விளக்காகிவிடுதலின் நிழல் மெல்லிதாகும். வெயில் நேரே புகாத சன்னலோ வாசலோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது, தொடங்குவார்க்கு இதனினும் சிறந்த விளக்குக் கிடையாது, காசும் செலவில்லை. அமர்பவரைச் சன்னலுக்கு ஒரு மீட்டர் அளவில் இருத்துக. நான்கு மீட்டருக்கு அப்பால் நகர்த்தினால் அதே சன்னல் சிறு துளைபோலாகி, ஒளி குறைவதோடு நிழலும் கடுக்கும். சன்னலை முகத்திற்கு நேரெதிரேயும் வையாமல், முற்றும் பக்கத்திலும் வையாமல், ஏறத்தாழ இரண்டிற்கும் நடுவே அமையுமாறு முகத்தைத் திருப்பச் சொல்லுக. அப்பொழுது நிழற்பக்கத்துக் கன்னத்திற் கண்ணின்கீழ்ச் சிறு முக்கோணமாய் ஒளி விழும். ஒல்லாந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) தாம் எழுதிய முகங்களில் இவ்வாறு ஒளியமைத்தமையால் இதற்கு அவர் பெயரையே இட்டு வழங்குகின்றனர். ஒளி சரியாக உளதா என்பதை அறிய ஓர் எளிய வழி, அமர்ந்தவர் கண்மணியை உற்று நோக்குதல். அங்கே சன்னலின் சிறு உருவம் ஒரு புள்ளியாய் ஒளிர்தல் வேண்டும். அப்புள்ளி இல்லாத கண், எத்துணை அழகிய கண்ணாயினும், படத்தில் உயிரற்றுத் தோன்றும்.

நிழற்பக்கம் மிக இருண்டால், வெள்ளை வேட்டி ஒன்றை நாலாக மடித்து ஒரு நண்பரை அப்பக்கத்திற் பிடிக்கச் செய்க. வேட்டி அருகே வர நிழல் தெளியும், விலக இருளும். படத்தில் வேட்டி தெரியாதவரை எவ்வளவு அருகிற் பிடிப்பினும் குற்றமில்லை. அறையின் மின்விளக்கை அணைத்துவிடுக. அதன் ஒளி பெரும்பாலும் மஞ்சள் கலந்தது, வானொளியோ நீலம் கலந்தது. இரண்டும் ஒரு முகத்திற் கலந்தால் ஒரு கன்னம் மஞ்சட்காமாலை கொண்டதுபோலத் தோன்றும். நம் பக்கத்துத் திண்ணைகள் இதற்கு மிக ஏற்றவை. ஆனால் ஒரு செய்தி: எதிரே செம்மண் தரையில் வெயில் காய்ந்தால், அச்செம்மை மோவாயின் கீழே ஏறிவிடும். பச்சைச் சாயம் பூசிய சுவரும் அவ்வாறே. என் படங்களிற் சிலவற்றில் ஆச்சி பச்சைநிறங் கொண்டதன் மருமம் எனக்கு விளங்க ஒரு திங்களாயிற்று.

முகம் கரிக்கட்டையானதே யான் மிகவும் நாணிய பிழை. அதனைச் சற்று விரித்தே கூறவேண்டும். காமிராவுக்கு எதிரே உள்ளது கரியோ சுண்ணாம்போ என்பது தானே தெரியாது. காண்பவையெல்லாம் கலந்து சராசரியில் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாய், அதாவது விழும் ஒளியில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கைத் திருப்பியனுப்புவதாய் இருக்குமென்று அதன் ஒளிமானி கருதிக்கொள்ளும். ஆதலின் வெள்ளைச் சுவர்முன் வெள்ளைச் சேலை உடுத்த கரிய மேனியர் ஒருவரை நிறுத்தினால், வெண்மை மிகுந்ததென எண்ணி யாவற்றையும் இருளச் செய்யும். முன்னமே கரிய முகம் இன்னும் கருகிப்போம். இருண்ட பின்புலத்தில் இதற்கு எதிராக முகம் வெளிறும். இதற்குப் பரிகாரம் எளிது. கைப்பேசியாயின் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து, அவ்விடத்து ஒளியை மேலேற்றுக. காமிராவாயின் ஒளியளவைக் கூட்டும் திருகை ஒரு படி நகர்த்துக. எதுவரை ஏற்றலாமெனின், நெற்றியில் மினுமினுக்கும் இடத்திலும் தோலின் நுண்வரைகள் அழியாதவரை ஏற்றலாம். அதற்குமேல் ஏற்றுதல் படக்கடைக்காரர் செய்த வேலையைக் காமிராவைக்கொண்டே செய்வதாகும்.

குற்றம் ஒளிமானியோடு நின்றதன்று. கொடக் கம்பெனியார் 1950களில் வண்ணப்படம் அச்சிடுவார்க்கு நிறத்தை ஒப்புநோக்கும்பொருட்டு அனுப்பிய அட்டையில் இருந்தது வெண்ணிற மேனியுடைய ஒரு பெண்ணின் படம். 'ஷெர்லி அட்டை' என்பது அதன் பெயர். அப்பெண்ணின் முகம் செவ்வனே அமைந்தால் எல்லார் முகமும் செவ்வனே அமைந்ததாகக் கொள்ளப்பட்டது. பல நிற மேனியரையும் ஒருங்கு காட்டும் அட்டை 1990களிலேயே வந்தது. இதனைப் படித்தபொழுது எனக்கு முதலிற் சினமும், பின்னர் ஒருவகை ஆறுதலும் உண்டாயின. நம் பெற்றோரின் இளமைக்காலத்துப் படங்களிற் பல அவர்களைவிடக் கருமையாகவோ சாம்பல் பூத்தோ தோன்றுதற்கு அவர்கள் முகம் காரணமன்று என்று தெளிந்தமையே அவ்வாறுதல். கரிய மேனியை நன்கு எடுக்க வேண்டின் அதனை வெளுக்கச் செய்யவேண்டுவதில்லை. கரிய தோல் ஒளியை வழுவழுப்பாகத் தாங்கித் திருப்பும். கன்னத்தெலும்பிலும் மூக்குத்தண்டிலும் ஓடும் அம்மினுமினுப்பே அதன் வடிவத்தைக் காட்டுவது. பக்கத்தொளியை மெல்லிதாக விடுத்துப் பின்புலத்தை வெள்ளையாக்காமல் நடுத்தர நிறமாக அமைத்தால் அம்முகத்திற்கு நிகரான முகம் வேறில்லை. இஃது என் துணிபு.

மூக்குப் பெருத்த செய்திக்கு வருவோம். இதனைக் கணக்கிட்டே காட்டலாம். மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் உளதெனக் கொள்க. கைப்பேசியை மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரிற் பிடித்தால் காது 42 சென்டிமீட்டரில் இருக்கும். எனவே காதை நோக்க மூக்கு நூற்றுக்கு நாற்பது பங்கு பெருத்துப் பதியும். ஒன்றரை மீட்டர் விலகி நின்றாலோ காது 162 சென்டிமீட்டரில் இருக்கும். பெருக்கம் நூற்றுக்கு எட்டேயாம். முகத்தின் வடிவத்தைக் கெடுப்பதும் காப்பதும் தூரமே; லென்ஸ் அன்று. விலகி நின்றால் முகம் படத்திற் சிறிதாகிவிடுமே எனின், அக்குறையை நீக்கவே நீண்ட குவிதூரமுடைய லென்ஸுகள் உள. 36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள படத்தளத்திற்கு 85 முதல் 105 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸ் முகப்படத்திற்கு உகந்ததென்பது பலர் கொள்கை. கைப்பேசி மட்டுமே உடையார் வருந்தவேண்டுவதில்லை. ஒன்றரை மீட்டருக்கு விலகி நின்று, இருமடங்கு பெரிதாக்கும் வசதியிருந்தால் அதனைப் பயன்படுத்துக. அன்றேற் பின்னர் வேண்டாதன வெட்டியெறிக.

தெளிவு கண்ணிலே அமைதல் வேண்டும். இரு கண்களில் நமக்கு அண்மையிலுள்ள கண்ணிலே அமைதல் வேண்டும். 85 மில்லிமீட்டர் லென்ஸின் துவாரத்தை 1.8 என்னும் அளவுக்குத் திறந்து ஒன்றரை மீட்டரில் எடுத்தாற் கூர்மையாய்ப் பதியும் ஆழம் ஏறத்தாழ மூன்றே சென்டிமீட்டர். மூக்கின் நுனியிற் குவியத்தை வைத்தவன் கண்ணை இழந்தான். அத்துவாரத்தை 5.6 அளவுக்குச் சுருக்கினால் ஏறத்தாழப் பத்துச் சென்டிமீட்டர் கிடைக்கும். தொடங்குவார்க்கு இதுவே காப்பு. பின்புலத்தை மங்கச்செய்யும் ஆசையால் துவாரத்தை முழுதும் திறந்துவைப்பது புதிதாக லென்ஸ் வாங்கினார் யாவரையும் பற்றும் நோய். யானும் அதற்கு விலக்கல்லேன். கைப்பேசியில் மங்கல் என்பது பெரும்பாலும் கணக்கிட்டு வரையப்படுவதாதலின், பிரிந்த மயிரிழைகளையும் மூக்குக்கண்ணாடியின் விளிம்பையும் அது சிலவேளை தின்றுவிடும். சில கைப்பேசிகளிற் கேளாமலே முகத்தை மெழுகிவிடும் அமைப்பு ஒன்றும் உண்டு. எடுக்கத் தொடங்குமுன் அதனைத் தேடி அணைத்துவிடுக.

பின்புலம், உடை முதலியவற்றைப்பற்றி மிகுதியாகக் கூறவேண்டுவதில்லை. பாரிஸ் நகரில் நாதார் (1820–1910) என்பார் கவிஞர், நடிகையர் முதலிய பலரை எடுத்தபொழுது, திரைச்சீலையும் தூணும் பூச்சாடியும் வைக்கும் அக்கால வழக்கத்தைத் தவிர்த்து வெறுஞ்சுவர்முன் நிறுத்தியே எடுத்தார். அது நமக்கும் போதும். தலைக்குப் பின்னே தென்னைமரமோ விளக்குக் கம்பமோ முளைத்திருக்கின்றதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்க. மூக்குக்கண்ணாடியிற் சன்னல் மின்னினால் அதன் காம்புகளைக் காதின்மேற் சிறிது உயர்த்திவைத்தால் மின்னல் கீழே இறங்கிவிடும்.

இனிக் கூறப்போவதே எல்லாவற்றினும் அரிது. ஒளியும் தூரமும் கற்றால் வரும். எதிரே அமர்ந்தவரின் உள்ளத்தை முகத்துக்கு வரவழைத்தல் கற்று வருவதன்று. தொல்காப்பியனார் மெய்ப்பாட்டிற்கென ஓர் இயலே வகுத்து எட்டு மெய்ப்பாடுகளை உரைத்தார். உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புலப்படுதலே மெய்ப்பாடெனின், "சிரியுங்கள்" என்று ஏவிப் பெறும் பல்வரிசை மெய்ப்பாடாகாது. வாய் மட்டும் விரிந்து கண் வாளாவிருக்கும் நகையைச் சிறு குழந்தையும் இனங்கண்டுகொள்ளும்.

கனடா நாட்டு யூசுப் கார்ஷ் என்பாரின் கதை பலரும் அறிந்ததே. 1941 டிசம்பர் 30ஆம் நாள் ஒட்டாவா நகரப் பாராளுமன்றத்தில் உரையாற்றி முடித்து வந்த வின்ஸ்டன் சர்ச்சிலைப் படமெடுக்க அவர் காத்திருந்தார். படமெடுக்கும் செய்தி சர்ச்சிலுக்கு முன்னர் அறிவிக்கப்படவில்லை. வாயில் சுருட்டோடு நின்ற அவர், வேண்டியும் அதனை எடுக்கவில்லை. கார்ஷ் அருகே சென்று பணிவுரை ஒன்று கூறிச் சுருட்டைப் பிடுங்கிவிட்டுக் காமிராவை இயக்கினார். சினந்து நோக்கும் அம்முகமே உலகெங்கும் பரவிற்று. 2016இல் வெளிவந்த ஐந்து பவுன் தாளிலும் அதுவே பொறிக்கப்பட்டது. ஆயினும் அடுத்த நொடியில் எடுத்த இன்னொரு படத்திற் சர்ச்சில் புன்முறுவல் பூத்திருக்கின்றார் என்பதைப் பலர் அறியார். இருவேறு படங்களில் எது சர்ச்சில்? எனக்குத் தோன்றுவது யாதெனின், கார்ஷ் எடுத்தது அன்று உலகம் காண விரும்பிய சர்ச்சிலை. பெரியோர் கையிலிருப்பதைப் பிடுங்கும் துணிவும் உரிமையும் நமக்கில்லை. நம் வீட்டுத் தாத்தாவின் வெற்றிலைச் செல்லத்தைப் பிடுங்கிப் பாருங்கள், கிடைப்பது படமாகாது.

நம்மனோர்க்குத் தக்க வழி வேறு. முதியோரை நாற்காலியில் விறைப்பாக அமர்த்தி எதிரே நின்று ஏவாமல், அவர் வழக்கமாக அமரும் இடத்தில், வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருக்கவிட்டு, நாம் அவரெதிரே தரையில் அமர்தல் வேண்டும். இதில் இரண்டு நலங்கள் உள. லென்ஸ் அவர் கண்ணின் மட்டத்திற்கு வரும்; மேலிருந்து எடுத்தால் மனிதர் குறுகித் தோன்றுவர். கைகளுக்கும் வேலை கிடைக்கும். படமெடுக்கும்பொழுது கையை எங்கே வைப்பதென்பதே அமர்வாரின் பெருந்துன்பம். குழந்தைகளுக்கும் இம்முறை பொருந்தும். ஆனால் ஷட்டர் வேகத்தை விநாடியில் 250இல் ஒரு பங்குக்கு மாற்றிக்கொள்க. பத்து நிமிடமேனும் காமிராவைத் தொடாமற் பேசியிருத்தல் நன்று. பின்னரும் ஒரே கண்ணாற் காமிராவுக்குள் ஒளிந்துகொள்ளாமல் பேச்சைத் தொடர்தல் வேண்டும். எடுத்த ஒவ்வொன்றையும் உடனே திரையிற் பார்த்து முகஞ்சுளித்தால், தம்மிடமே ஏதோ குறையுளதென்று அமர்ந்தவர் கருதிவிடுவார். யான் முதல்நாளிற் செய்தது இதுவே.

சென்ற தைத் திங்களிற் பொங்கல் விடுமுறைக்கு வீடு சென்றபொழுது, விடுதி நண்பர் ஒருவரிடம் காமிராவும் 85 மில்லிமீட்டர் லென்ஸும் இரவல் பெற்றுச் சென்றேன். காலை ஒன்பது மணியிருக்கும். ஆச்சி வடக்கு வாசற்படியில் அமர்ந்து, அவித்த பனங்கிழங்குக்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். யானும் எதிரே தரையில் அமர்ந்து இரண்டு கிழங்கு தின்றேன். அன்று யான் அவரிடம் படத்தைப்பற்றிப் பேசவில்லை, "எடுக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டேன், தலையசைத்தார். பின்னர் விடிலியைப்பற்றிக் கேட்டேன். எத்தனை பனையிலிருந்து பதநீர் வரும், எத்தனை நாழிகை காய்ச்சுவது, கிண்டும்பொழுது பாகு பதம் வந்ததை எவ்வாறு அறிவது என்றெல்லாம் அவர் கூறிக்கொண்டே வந்தார். பேச்சு அக்கொதியில் வந்து நின்றபொழுது, நார் பற்றிய விரலாலேயே கன்னத்தைத் தொட்டு, "இங்கனதான் பட்டுச்சு" என்றார். சொல்லிவிட்டு என்னை நோக்கினார். வாயில் நகையில்லை; கண்ணில் இருந்தது. அவ்வொரு படத்திற்காகவே மற்ற அறுபதும் எடுக்கப்பட்டன என்று பின்னரே அறிந்தேன்.

எட்டுக்குப் பத்து அங்குல அளவில் அச்சிட்டு அனுப்பினேன். ஆச்சி முதலில் தழும்பின்மீது விரலை வைத்துப் பார்த்தாரென்றும், சிறிய படி ஒன்று தம் வேதப்புத்தகத்துள் வைக்க வேண்டுமென்று கேட்டாரென்றும் அம்மா தொலைபேசியிற் கூறினார். மாமா மாட்டிய படத்தை ஒருவரும் கழற்றவில்லை. மாமாவின் மனம் வருந்துமென்று ஆச்சியே தடுத்துவிட்டார். இப்பொழுது இரண்டும் ஒரே சுவரில் உள. புதிதாக வருவோர் கோதுமைநிற அம்மையார் யாரென்று வினவுகின்றனர்.

இன்னும் ஒரு குறிப்பு எஞ்சியுள்ளது. கல்கத்தாவில் 1815இற் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் அம்மையாருக்கு அவர்தம் நாற்பத்தெட்டாம் வயதில், 1863இல், மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தனர். வைட் தீவில் தம் வீட்டுக் கோழிக்கூட்டைக் கண்ணாடிக் கூடமாக்கி, நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கி, கவிஞர் டெனிசன், வானநூலறிஞர் ஹெர்ஷல், டார்வின் முதலியோரை அவர் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. முகத்தை மிக அண்மையிற் கொணர்ந்து ஒருபக்க ஒளியில் எடுத்தார். கூர்மை போதாதென்று அக்காலத்தார் இகழ்ந்ததைப் பொருட்படுத்தவில்லை. 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து 1879இல் அங்கேயே மறைந்தார். களுத்துறையில் இருந்தபொழுது, சூழவிருந்த எளிய மக்களையும் படமெடுத்தார். டெனிசனின் படத்தில் டெனிசன் பெயர் உளது. அம்மக்களின் படங்களோ பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றன. நல்ல ஒளியும் நல்ல லென்ஸும் நல்ல முகமும் இருந்தும், யாரென்று கேட்பார்க்கு விடையில்லை.

ஆதலின் படத்தை அச்சிட்டவுடன் அமர்ந்தவருக்கு ஒரு படி கொடுத்துவிட்டு, நம் படியின் பின்புறம் மெல்லிய பென்சிலாற் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை எழுதுக. மை படத்தின் முன்புறம் ஊறிவிடலாம், பேனா வேண்டா. எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பழைய படங்கள் பதினைந்து உள. ஒன்றின் பின்னும் எழுத்தில்லை. அப்பொங்கல் விடுமுறையின் கடைசி நாளில் அவற்றை ஆச்சியின் முன் பரப்பி, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பதினொன்றுக்குப் பெயர் கிடைத்தது. எஞ்சிய நான்கையும் அவர் சன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நினைவில்லையென்று திரும்பப் பெட்டியில் வைத்தார்.